போகாத பயணங்களை எப்படி எண்ணுவது?

ஒரு சாலையை அகலப்படுத்தவோ மேம்பாலம் கட்டவோ முடிவெடுக்கும் முன் செய்யும் முதல் வேலை, வண்டிகளை எண்ணுவது. சந்திப்பில் ஆள் நிறுத்தியோ கேமரா பொருத்தியோ, காலை நெரிசல் நேரத்தில் எத்தனை டூவீலர், எத்தனை கார், எத்தனை பஸ், எத்தனை லாரி என்று கணக்கெடுப்பார்கள். பிறகு எல்லாவற்றையும் காரை அலகாக வைத்து ஒரே எண்ணாக மாற்றுவார்கள். ஒரு கார் என்றால் ஒன்று, ஒரு பஸ் என்றால் ஏறக்குறைய மூன்று. அறுபது பேரை ஏற்றிக்கொண்டு திணறி வரும் மாநகரப் பேருந்து, மூன்று கார் அளவு இடத்தை அடைக்கும் பொருளாக மட்டுமே அந்தக் கணக்கில் நிற்கிறது. உள்ளே எத்தனை பேர் இருந்தார்கள், எங்கே போனார்கள், போய்ச் சேர எவ்வளவு நேரம் ஆனது என்பதற்கெல்லாம் அதில் இடமில்லை.

அதைவிடப் பெரிய குறை, அந்தச் சாலைக்கு வராதவர்கள் கணக்கில் வருவதே இல்லை என்பது. விடியற்காலை பஸ் கிடைக்காமல் வேலையை விட்ட பெண், கடைசி பஸ் ஏழு மணிக்கே போய்விடும் என்பதால் கல்லூரியில் மாலை வகுப்பில் சேராத பையன், இரண்டு பஸ் மாறிப் போக வேண்டுமே என்று சர்க்கரை மாத்திரை வாங்கப் போவதைத் தள்ளிப்போடும் முதியவர். இவர்கள் எல்லோரும் வண்டிக் கணக்கெடுப்பில் பூஜ்யம். இன்னும் கொடுமை, இவர்கள் வீட்டிலேயே முடங்கினால் நெரிசல் குறைந்ததாகத்தான் அந்தப் புள்ளிவிவரம் சொல்லும்.

இந்த ஓட்டையை அடைக்கக்கூடிய அளவீடு ஒன்று உண்டு. போக்குவரத்துத் திட்டமிடலில் அதை அணுகல் என்கிறார்கள். ஓரிடத்தில் வசிப்பவர், குறிப்பிட்ட நேரத்துக்குள், தன்னால் கொடுக்க முடிந்த காசுக்குள், எத்தனை வேலைகளை, பள்ளிகளை, மருத்துவமனைகளைப் போய்ச் சேர முடியும் என்று கேட்பது அது. வண்டி எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்பது அதற்கு இரண்டாம் பட்சம். சென்னைப் பெருநகர்ப் பகுதி 2022 அக்டோபரில் 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 சதுர கிலோமீட்டராக விரிந்திருக்கிறது. 2027 முதல் 2046 வரைக்கான மூன்றாம் முழுமைத் திட்டத்தைச் சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம் தயாரித்துவருகிறது. இத்தனை பெரிய நிலப்பரப்பில் எந்த அளவுகோலைக் கையில் எடுக்கிறோம் என்பதே பணம் எந்தப் பக்கம் பாயும் என்பதை முடிவு செய்யும். ஆகவே அளவுகோலின் உள்விவரங்களை நிபுணர்களிடம் மட்டும் விட்டுவிடக் கூடாது என்று நினைக்கிறேன்.

பெரும்பாக்கத்தை வைத்துப் பார்ப்போம்

சென்னையின் ஆற்றங்கரைகளிலிருந்தும் நகரின் நடுப்பகுதியிலிருந்தும் அகற்றப்பட்ட குடும்பங்களை, குடிசை மாற்று வாரியம் 2000-ஆம் ஆண்டு வாக்கில் கண்ணகி நகரில் குடியமர்த்தத் தொடங்கியது. பின்னர் செம்மஞ்சேரி, அதன் பிறகு பெரும்பாக்கம். 2015 பெருவெள்ளத்துக்குப் பிறகு கூவம், அடையாறு கரைகளில் இருந்த பல்லாயிரம் பேர் பெரும்பாக்கத்தின் எட்டு மாடிக் கட்டடங்களுக்கு வந்தார்கள். வாரியத்தின் பெயர் 2021-இல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று மாறியது. நடு நகரத்திலிருந்து இந்தக் குடியிருப்புகளுக்கு இருக்கும் 20, 25 கிலோமீட்டர் தூரம் அப்படியே இருக்கிறது.

இங்கே ஐ.நா.வின் நிலைத்த வளர்ச்சி இலக்குகளில் உள்ள அளவுகோலை முதலில் வைத்துப் பார்க்கலாம். பஸ் போன்ற வசதி 500 மீட்டருக்குள், ரயில் போன்றது ஒரு கிலோமீட்டருக்குள் இருந்தால், அங்கே வசிப்பவருக்குப் பொதுப் போக்குவரத்து எட்டுகிறது என்று கொள்வது அந்த அளவுகோல். பெரும்பாக்கத்தில் மாநகரப் பேருந்து குடியிருப்புக்குள்ளேயே வந்து நிற்கிறது. ஆக, இந்த அளவுகோலில் பெரும்பாக்கம் தேறிவிடும். அங்கு குடியேறிய பெண்களிடம் கேட்டால் வேறு கதை கிடைக்கும்.

ஒரு மாதிரிக் கணக்கு போடுவோம். சிந்தாதிரிப்பேட்டைப் பக்கம் இருந்தவரை ஒரு பெண் பத்து நிமிடம் நடந்து போய், காலை ஆறு மணிக்கு முதல் வீட்டில் பாத்திரம் தேய்க்கத் தொடங்குகிறார். ஒன்பதரைக்குள் மூன்று வீடு முடிகிறது. நடுவில் ஓடிவந்து பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டுப் போகவும் நேரம் இருக்கிறது. பெரும்பாக்கத்துக்கு வந்த பிறகு, மாடியிறங்கி ஸ்டாப்புக்கு நடக்கப் பத்து நிமிடம், காத்திருப்பு பதினைந்து, பஸ்ஸில் எழுபது, இறங்கி நடக்கப் பத்து. மொத்தம் ஒரு மணி முக்கால் நேரம். ஆறு மணிக்கு அங்கே இருக்க வேண்டுமென்றால் நாலேகாலுக்கு வீட்டைவிட்டுக் கிளம்ப வேண்டும். அந்த நேரத்துக்கு பஸ் இருக்கிறதா? இருந்தாலும் பிள்ளையை யார் எழுப்பி அனுப்புவது? மூன்று வீட்டு வேலை ஒரு வீட்டு வேலையாகிறது. பிறகு போக வர மூன்றரை மணி நேரத்துக்கு அந்த ஒரு வீட்டுச் சம்பளம் கட்டுப்படியாகாமல், அதுவும் நின்றுபோகிறது.

ஸ்டாப் பக்கத்தில்தான் இருக்கிறது, பஸ்ஸும் வருகிறது. ஆனாலும் வேலை போய்விட்டது. ஸ்டாப் வரையிலான தூரத்தை மட்டும் அளக்கும் எந்த அளவுகோலும் இந்த இழப்பைப் பார்க்காது.

லண்டனில் இதைவிடக் கொஞ்சம் நுட்பமான முறை ஒன்று புழக்கத்தில் இருக்கிறது. 1992-இல் ஹேமர்ஸ்மித் அண்ட் ஃபுல்லம் என்ற உள்ளாட்சிப் பகுதியில் உருவாகி, பிறகு லண்டன் முழுக்கப் பரவிய பி.டி.ஏ.எல். என்ற மதிப்பெண் அது. ஓரிடத்திலிருந்து பஸ் ஸ்டாப்புக்கு 640 மீட்டர், ரயில் நிலையத்துக்கு 960 மீட்டர் வரை நடக்கலாம் என்று எடுத்துக்கொண்டு, நடை நேரத்தோடு சராசரிக் காத்திருப்பையும் சேர்த்து மதிப்பெண் போடுவார்கள். பஸ் அடிக்கடி வந்தால் மதிப்பெண் ஏறும். புதுக் கட்டடத்தில் எத்தனை கார் நிறுத்த இடம் விடலாம், எவ்வளவு அடர்த்தியாக வீடு கட்டலாம் என்பதையெல்லாம் லண்டன் இதோடு கோத்து முடிவு செய்கிறது. அதுதான் அதன் பலம். மதிப்பெண் போட்டதும் அறிக்கைக்குள் உறங்காமல், அது அனுமதியோடு பிணைந்திருக்கிறது. ஆனால் அந்த பஸ் எங்கே போகிறது என்று பி.டி.ஏ.எல். கேட்பதில்லை. வேலை இருக்கும் இடத்துக்குப் போகிறதா, வெறும் வட்டம் அடித்துத் திரும்புகிறதா என்பது அதற்கு ஒன்றுதான். பெரும்பாக்கத்தின் சிக்கலுக்கு இதுவும் முழு மருந்து ஆகாது.

எங்கே போகிறது என்ற கேள்வியைக் கணக்குக்குள் கொண்டுவந்தவர்களில் முன்னோடி அமெரிக்கரான வால்டர் ஹேன்சன். 1959-இல் வாஷிங்டன் வட்டாரத்தை ஆராய்ந்து அவர் எழுதிய கட்டுரை இன்றும் இந்தத் துறையின் அடித்தளம். சுற்றியுள்ள ஒவ்வொரு இடத்திலும் இருக்கும் வேலைகளை எடுத்துக்கொள்ள வேண்டும். அங்கே போக ஆகும் நேரம் கூடக் கூட அந்த வேலைகளின் எடையைக் குறைத்துக்கொண்டே போக வேண்டும். பிறகு எல்லாவற்றையும் கூட்ட வேண்டும். கிடைக்கும் எண்தான் அந்த இடத்தின் அணுகல். அருகில் இருப்பது முழு எடையோடும் தொலைவில் இருப்பது சொற்ப எடையோடும் சேரும்.

இதைவிட எளிதாக, பலருக்கும் விளங்கும்படியாக ஒரு வழி உண்டு. 45 நிமிடத்துக்குள் எத்தனை வேலைகளை எட்டலாம் என்று ஒரு கோடு போட்டு எண்ணிவிடுவது. ஊராட்சித் தலைவரிடமும் கவுன்சிலரிடமும் சொல்லிப் புரியவைக்க இதுதான் வசதி. ஆனால் கோடு போட்டால் அதன் விளிம்பில் அநியாயம் நடக்கும். 44-ஆவது நிமிடத்தில் இருக்கும் ஆஸ்பத்திரி முழுசாக உள்ளே, 46-ஆவது நிமிடத்தில் இருப்பது முழுசாக வெளியே. 45-க்குப் பதில் 60 என்று மாற்றினால் ஊர்களின் வரிசையே தலைகீழாகலாம். ஆகவே ஒரே கோட்டில் வந்த வரைபடத்தை யாராவது காட்டினால், வேறு இரண்டு கோடுகளில் எப்படி வருகிறது என்று கேட்பது நல்லது.

எடை குறைக்கும் முறையிலும் முடிவெடுக்க வேண்டியது இருக்கிறது. அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்கு மாநிலத்தின் தென்கோடியிலிருந்தும் ராத்திரி பஸ் பிடித்து வருகிறார்கள். ரேஷன் கடை இரண்டு கிலோமீட்டர் தள்ளி இருந்தால் ஊரே சண்டைக்கு வருகிறது. தூரம் எவ்வளவு உறுத்துகிறது என்பது காரியத்துக்குக் காரியம் மாறும். எல்லாவற்றுக்கும் ஒரே கூட்டு எண் போடும் அறிக்கைகளை நான் அவ்வளவாக நம்புவதில்லை. வேலைக்கு ஒன்று, பள்ளிக்கு ஒன்று, மருத்துவத்துக்கு ஒன்று என்று தனித்தனியாகக் காட்டுவதுதான் நேர்மை.

யாருடைய நேரம், யாருடைய காசு

ஸ்வீடனின் லுண்ட் பல்கலைக்கழகத்தில் இருந்த புவியியலாளர் டோர்ஸ்டன் ஹேகர்ஸ்ட்ராண்ட் 1970 வாக்கில் ஒன்றை வலியுறுத்தினார். மனிதர்களைப் புள்ளிகளாக வைத்து வரைபடம் போடுகிறோம், ஆனால் ஒவ்வொருவரும் தம் நாளின் கட்டுகளுக்குள்தான் நகர முடியும். இன்ன நேரத்தில் இன்னாரோடு இன்ன இடத்தில் இருந்தே ஆக வேண்டும் என்ற கட்டுகள் அவை. பிள்ளையைப் பள்ளியில் விட வேண்டும், கடை திறக்கும் நேரத்தில்தான் போக முடியும், தண்ணீர் லாரி வரும்போது வீட்டில் இருக்க வேண்டும். இந்தக் கட்டுகளுக்கு நடுவே மிஞ்சும் நேரத்தில் எவ்வளவு தூரம் போய்த் திரும்ப முடியுமோ, அதுதான் அவருடைய உலகத்தின் எல்லை. நம் வீடுகளில் இந்தக் கட்டுகள் யார் தலையில் விழுகின்றன என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. ஒரே வீட்டில், ஒரே ஸ்டாப்புக்குப் பக்கத்தில் வசிக்கும் கணவனுக்கும் மனைவிக்கும் அணுகல் வேறு வேறு. வீட்டை அலகாக வைத்து அளந்தால் இந்த வேறுபாடு கண்ணில் படாது.

காசுக்கும் இது பொருந்தும். 2021 மே மாதம் முதல் தமிழ்நாட்டில் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. இதனால் ஒரு பெண்ணுக்கு மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சமாகிறது என்று மாநிலத் திட்டக் குழுவின் ஆய்வு சொன்னது. புதிதாக ஒரு கிலோமீட்டர் சாலைகூடப் போடாமல், அரசாணை ஒன்றினாலேயே லட்சக்கணக்கான பெண்களின் எல்லை விரிந்தது. வண்டிகளை எண்ணும் முறையால் இதைப் பிடிக்கவே முடியாது.

ஆனால் ஆய்வாளர்கள் கவனிக்க வேண்டிய நுணுக்கம் ஒன்று இங்கே இருக்கிறது. இலவசம் சாதாரணக் கட்டண பஸ்ஸுக்குத்தான். டீலக்ஸுக்கும் ஏ.சி. பஸ்ஸுக்கும் இல்லை. ஒரு ஸ்டாப்பில் பத்து நிமிடத்துக்கு ஒரு பஸ் என்று அட்டவணை சொல்லலாம். அதில் பாதி டீலக்ஸ் என்றால், கையில் காசில்லாத பெண்ணுக்கு அது இருபது நிமிடத்துக்கு ஒரு பஸ்தான். டீலக்ஸ் வந்து நிற்கும், அவர் ஏறமாட்டார், முன்பக்கம் இளஞ்சிவப்புப் பெயிண்ட் அடித்த வண்டி வருகிறதா என்று சாலையையே பார்த்துக்கொண்டு நிற்பார். எந்த ஸ்டாப்பிலும் சற்று நேரம் நின்றால் இதைப் பார்க்கலாம். ஆகவே அவருக்கான அணுகலைக் கணக்கிடும்போது சாதாரணக் கட்டண பஸ்களின் அட்டவணையை மட்டும் தனியாகப் பிரித்து ஓட்டிப் பார்க்க வேண்டும்.

மெட்ரோவிலும் இதே கேள்வி வரும். இரண்டாம் கட்டத்தில் கட்டப்படும் 118.9 கிலோமீட்டரில், மாதவரத்திலிருந்து சோழிங்கநல்லூர் வரும் ஐந்தாம் வழித்தடம் மேடவாக்கம், பெரும்பாக்கம் வழியாக வருகிறது. அது ஓடத் தொடங்கியதும், நேரத்தை மட்டும் பார்க்கும் கணக்கில் பெரும்பாக்கத்தின் மதிப்பெண் குபீரென்று ஏறும். மெட்ரோவின் அதிகபட்சக் கட்டணம் 50 ரூபாய் என்றால் போக வர நூறு ரூபாய். நிலையத்திலிருந்து குடியிருப்பு வரை ஷேர் ஆட்டோ வேறு. வீட்டு வேலை செய்பவருக்கு அது அன்றைய வருமானத்தில் பெரும் பங்கு. அவரை விட்டுவிட்டு, ஐ.டி. பூங்காவில் வேலை செய்பவரின் நேரத்தை மட்டும் வைத்துப் பெரும்பாக்கம் முன்னேறிவிட்டது என்று எழுதினால், சொன்னது பொய்யில்லை, ஆனால் பாதி உண்மை.

ஒரே மாற்றம், இருவருக்கு இரு விளைவு

2023 டிசம்பர் 30 அன்று கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறக்கப்பட்டது. தென்மாவட்ட பஸ்கள் கோயம்பேட்டிலிருந்து அங்கே மாறின. அணுகலை எப்படி அளக்கக் கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் கிடைக்காது.

பஸ்ஸின் பயண நேரத்தைப் பார்த்தால் லாபம்தான். கோயம்பேட்டிலிருந்து தாம்பரம் தாண்டி ஊர்ந்து வரும் பகுதி மிச்சமாகிறது. கிளாம்பாக்கத்திலிருந்து திருநெல்வேலிக்கு பஸ் முன்னைவிடச் சீக்கிரம் போய்விடும். சென்னையிலிருந்து தெற்கே போகும் ஜி.எஸ்.டி. சாலையில் நெரிசலும் குறையலாம். கூடுவாஞ்சேரிக்காரருக்கும் தாம்பரத்துக்காரருக்கும் இது வீட்டு வாசலில் வந்த வரம். ஆனால் திருவொற்றியூரில் இருக்கும் குடும்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். முன்பு கோயம்பேடு வரை வந்தால் போதும், அங்கே மெட்ரோ நிலையமும் உண்டு. இப்போது பெட்டி, சாக்கு மூட்டை, தூங்கும் குழந்தையோடு நகரத்தை வடக்கிருந்து தெற்காகக் கடக்க வேண்டும். முனையம் திறந்தபோது கிளாம்பாக்கத்தில் மெட்ரோவும் இல்லை, ரயில் நிலையமும் இல்லை. ஊரிலிருந்து விடியற்காலை மூன்று மணிக்கு வந்து இறங்கினால், விடியும் வரை காத்திருப்பது அல்லது ஆட்டோக்காரர் கேட்ட காசைக் கொடுப்பது என்று இரண்டே வழி.

பஸ் ஏறியதிலிருந்து இறங்குவது வரை அளந்தால் முன்னேற்றம். வீட்டு வாசலிலிருந்து வீட்டு வாசல் வரை அளந்தால் சிலருக்கு முன்னேற்றம், சிலருக்குப் பின்னடைவு. இரண்டையும் கூட்டிச் சராசரி எடுத்தால் திருவொற்றியூர்க்காரர் காணாமல் போவார். அதனால்தான் சராசரியோடு நிறுத்தாமல், யாருக்கு எவ்வளவு கூடியது, யாருக்கு எவ்வளவு குறைந்தது என்று பகுதிவாரியாகக் காட்ட வேண்டும் என்கிறேன். முனையத்தை இடம் மாற்றியது தவறு என்று நான் சொல்லவில்லை, நகரம் தெற்கே வளர்ந்துவிட்டது என்பது உண்மை. இழப்பவர்கள் யார் என்று முன்கூட்டியே தெரிந்திருந்தால், இணைப்பு பஸ்ஸும் ரயில் நிலையமும் முனையத்துக்கு முன்பே தயாராகியிருக்க வேண்டும் என்ற வாதத்துக்குக் கையில் எண்கள் இருந்திருக்கும்.

கிராமங்களுக்கு வந்தால் நம் அளவுகோல் பல காலமாகச் சாலைதான். 2000 டிசம்பரில் தொடங்கிய பிரதமரின் கிராமச் சாலைத் திட்டம், சமவெளியில் 500 பேருக்கு மேலும், மலைப்பகுதிகளிலும் பழங்குடிப் பகுதிகளிலும் 250 பேருக்கு மேலும் வசிக்கும் குடியிருப்புகளை எல்லாப் பருவத்துக்குமான சாலையோடு இணைப்பதை இலக்காக வைத்தது. எல்லாப் பருவத்துக்குமான சாலையிலிருந்து இரண்டு கிலோமீட்டருக்குள் எத்தனை பேர் வசிக்கிறார்கள் என்பது உலக வங்கி உருவாக்கிய கிராம அணுகல் குறியீடு. மழைக்காலத்தில் ஊர் தீவாகிவிடும் இடங்களில் இந்த அளவு மிகத் தேவையானது, அதைக் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் சாலை வந்த பிறகு? தார்ச்சாலை ஊர் வரை வந்திருக்கும், பஸ் காலையில் ஒன்று, மாலையில் ஒன்று வரும். பைக் இருப்பவருக்கு அந்தச் சாலை சாலை, இல்லாதவருக்கு அது நடைபாதை.

இங்கே காத்திருப்பு நேரத்தைக் கணக்கிடும் வழக்கமான முறையும் உதவாது. அரை மணிக்கு ஒரு பஸ் என்றால் சராசரிக் காத்திருப்பு பதினைந்து நிமிடம் என்று கொள்ளலாம். நாளுக்கு இரண்டு ட்ரிப் உள்ள ஊரில் யாரும் சராசரியாகக் காத்திருப்பதில்லை, நாள் முழுவதையும் பஸ்ஸுக்கு ஏற்ப அமைத்துக்கொள்கிறார்கள். காலை எட்டரை பஸ்ஸில் தாலுகா ஆஸ்பத்திரிக்குப் போனவர் பதினோரு மணிக்கு டாக்டரைப் பார்த்துவிட்டாலும் மாலை ஐந்து மணி பஸ்ஸில்தான் திரும்ப முடியும். கூலி வேலை செய்பவருக்கு அன்றைய கூலி போச்சு. போகும் நேரத்தை மட்டும் அளந்தால் நாற்பது நிமிடம். போய், காரியம் முடித்து, திரும்பும் வரை அளந்தால் ஒன்பது மணி நேரத்துக்கும் மேல். கிராமப்புற அணுகலை எப்போதும் திரும்பும் பயணத்தோடு சேர்த்தே அளக்க வேண்டும். பஸ் இல்லாத தடங்களைக் குறிவைத்து 1997-இல் தொடங்கிய மினி பஸ் திட்டம் இந்த இடைவெளியை நிரப்பத்தான் வந்தது. அதன் பலனையும் எத்தனை பர்மிட் கொடுத்தோம் என்பதை வைத்து அளப்பதைவிட, எத்தனை ஊர்க்காரர்கள் இப்போது அரை நாளில் ஆஸ்பத்திரிக்குப் போய்த் திரும்ப முடிகிறது என்பதை வைத்து அளக்கலாம்.

போய்ச் சேர்ந்தால் மட்டும் போதாது, அங்கே இடமும் இருக்க வேண்டும். சமவெளியில் 30,000 பேருக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம் என்பது விதி. புதிதாகப் பல்லாயிரம் பேரைக் குடியமர்த்தும் இடத்தில் நிலையம் பக்கத்திலேயே இருந்தாலும், வரிசை நீண்டு அணுகல் சுருங்கும். இதை அளக்கவென்று இரண்டு படிகளில் கணக்கிடும் முறை ஒன்று இருக்கிறது. முதலில் ஒவ்வொரு நிலையத்தையும் எட்டக்கூடிய மக்களின் எண்ணிக்கைக்கு எத்தனை டாக்டர் என்ற விகிதம், பிறகு ஒவ்வொரு ஊரும் எட்டக்கூடிய நிலையங்களின் விகிதங்களைக் கூட்டுவது. 2000-களின் தொடக்கத்தில் சிகாகோ வட்டாரத்தில் ஆரம்பநிலைச் சிகிச்சை தரும் மருத்துவர்களின் பற்றாக்குறையை அளக்க இந்த முறை பயன்பட்டது. நம் பள்ளிகளுக்கும் அப்படியே பொருந்தும்.

கையில் என்ன தரவு இருக்கிறது

மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் கிராம விவரப் பட்டியலில், ஊரில் இல்லாத வசதி எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று 5 கிலோமீட்டருக்குள், 5 முதல் 10, 10-க்கு மேல் என மூன்றே வகையாகக் குறித்திருப்பார்கள். தூரம் மட்டும்தான், நேரம் இல்லை. 2011 கணக்கெடுப்பு வேலைக்குப் போகும் தூரத்தையும் எதில் போகிறார்கள் என்பதையும் கேட்டது. ஆனால் அந்த அட்டவணை விவசாயிகளையும் விவசாயக் கூலிகளையும் வீட்டுத் தொழில் செய்வோரையும் விட்டுவிட்டு, மற்ற தொழிலாளர்களை மட்டும் எடுத்துக்கொண்டது. வேலையை விட்டவர்கள் அதிலும் இல்லை.

பஸ் அட்டவணையைக் கணினி படிக்கும் வடிவில் எழுத ஜி.டி.எஃப்.எஸ். என்ற பொது வடிவம் 2005 முதல் இருக்கிறது. அமெரிக்காவின் போர்ட்லாந்து நகரப் போக்குவரத்து நிறுவனமும் கூகுளும் சேர்ந்து தொடங்கியது. அந்த வடிவில் அட்டவணையும், ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் தெருப்படமும் இருந்தால், இலவச மென்பொருளைக் கொண்டே ஒரு மாவட்டம் முழுவதற்கும் நிமிடத்துக்கு நிமிடம் அணுகலைக் கணக்கிட முடியும். சாதாரண மடிக்கணினி போதும், கல்லூரி மாணவர்களே செய்யலாம். தடை கணக்கில் இல்லை. அட்டவணையில் எழுதியிருக்கும் ட்ரிப் உண்மையில் ஓடியதா, எந்த ட்ரிப் சாதாரணக் கட்டணம், முதல் பஸ் எத்தனை மணிக்கு டிப்போவை விட்டுக் கிளம்பியது என்ற விவரங்கள் போக்குவரத்துக் கழகங்களின் டிக்கெட் கருவிகளிலும் ஜி.பி.எஸ். பதிவுகளிலும் இருக்கின்றன. அவை பொதுவெளிக்கு வர வேண்டும்.

அதற்கு மேல் ஒன்றே ஒன்று மென்பொருளால் முடியாது. எந்த வேலையை விட்டீர்கள், எந்த ஆஸ்பத்திரிக்குப் போவதை நிறுத்தினீர்கள், எந்தக் கல்லூரியில் இடம் கிடைத்தும் சேரவில்லை என்று வீடு வீடாகப் போய்க் கேட்க வேண்டும். இங்கிலாந்தில் 2003-இல் அரசின் சமூக விலக்கல் ஆய்வுப் பிரிவு இப்படித்தான் கேட்டது. போக்குவரத்துச் சிக்கலால் ஓராண்டில் 14 லட்சம் பேர் மருத்துவ உதவியைத் தவறவிட்டார்கள் அல்லது நாடவே இல்லை என்று தெரியவந்தது. அதன் பிறகே அங்கே உள்ளாட்சி அமைப்புகள் அணுகலை அளந்து திட்டமிட வேண்டும் என்ற ஏற்பாடு வந்தது. சென்னைப் பெருநகரின் பயணக் கணக்கெடுப்புப் படிவங்களில் நேற்று எங்கே போனீர்கள் என்ற கேள்விக்கு அடுத்த வரியில், போக நினைத்தும் போகாத இடம் எது, ஏன் என்ற கேள்வியைச் சேர்க்கலாம். கண்ணகி நகரிலும் செம்மஞ்சேரியிலும் பெரும்பாக்கத்திலும் அதைப் பெண்களிடம் தனியாக, அவர்கள் வீட்டில் இருக்கும் நேரமாகப் பார்த்துக் கேட்க வேண்டும்.